உணவு ஒவ்வாத நாய்க்குக் குறைந்த செலவில் என்ன சமைப்பது?

உவர்மலை ரீச்சர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கறுப்பி என்றொரு பெண் நாய் இருக்கிறாள். நாட்டு நாய், நான்கு வயது, 15 கிலோ எடை, கருத்தடை செய்யப்பட்டவள். மாரிமழை பெய்த ஓர் இரவில் வடிகாலுக்குள் நனைந்து கிடந்த குட்டியை என் மகன் தூக்கி வந்தான். அன்றிலிருந்து அவள் எங்களில் ஒருத்தி.

கடந்த ஏழு மாதங்களாக அவள் முன்னங்கால் விரல்களின் இடுக்குகளை ஓயாமல் நக்குகிறாள். நக்கிய இடத்து மயிர் செம்பட்டையாகிவிட்டது. காதுக்குள் கெட்ட வாடை வீசுகிறது. வயிற்றின் அடித்தோல் சிவந்திருக்கிறது. மிருக வைத்தியர் ஊசி போட்டால் இரண்டு கிழமைக்குச் சுகம்; பிறகு பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. கடைசியாகச் சென்றபோது, உணவு ஒவ்வாமையாக இருக்கக்கூடும் என்றும், அதற்கென்றே விற்கப்படும் விசேட உணவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்த உணவுப் பை ஒன்றின் விலை எங்கள் வீட்டின் ஒரு மாத அரிசிச் செலவைத் தாண்டுகிறது. மாலை வகுப்புகளில் கிடைக்கும் வருமானத்தில் மூன்று பேர் வாழ்கிறோம். கறுப்பிக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது.

இதுவரை அவள் சாப்பிட்டவை: சோறு, அவித்த கோழிக்கழுத்து, சூடைத் தலை, காலையில் மிஞ்சிய பாண், மாலையில் பால்மா கரைத்த தேநீரில் தோய்த்த மாரி பிஸ்கட். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தெரியாமல் நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பாலையூற்று

ரீச்சர், முதலில் சோற்றை நிறுத்துங்கள். நாய் ஓநாயின் வழி வந்த பிராணி. தானியம் அதற்குரிய உணவு அன்று. வெளிநாட்டவர்கள் தானியமே சேர்க்காத உணவைத்தான் இப்போது பரிந்துரைக்கிறார்கள். மான், முயல், வாத்து ஆகியவற்றின் இறைச்சி ஒவ்வாமைக்கு நல்லது என்று பல இடங்களில் வாசித்திருக்கிறேன். என் நாய்க்குச் சொறி வந்தபோது அயலவர் சொற்கேட்டுப் பழைய எஞ்சின் எண்ணெயும் பூசினோம், ஓரளவு குறைந்தது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

வணக்கம். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக நம் திருகோணமலை மாவட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். மிருக வைத்தியன் அல்லன். வைத்தியர்களின் அருகில் நின்று கற்றவற்றையும் பின்னர் வாசித்தவற்றையும் எழுதுகிறேன்.

எஞ்சின் எண்ணெயை எந்தக் காரணத்துக்காகவும் பூசாதீர்கள். அது தோலைச் சுடுகிறது. நாய் அதை நக்கும்போது உள்ளே போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். எண்ணெய் பூசி வாந்தியும் சோர்வுமாக எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாய்களை நான் கண்டிருக்கிறேன், எல்லாம் பிழைக்கவில்லை. தம்பி நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறார் என்பது தெரியும். ஆனாலும் இதை வாசிக்கும் வேறொருவர் செய்துவிடக்கூடாது என்பதால் முதலில் சொல்கிறேன்.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வொன்று, மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் மிகுதியாக உள்ளன என்று காட்டியது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாயின் குடல் சோற்றுக்குப் பழகிவிட்டது. உணவால் தோல் நோய் கண்ட 297 நாய்களைப் பற்றிய பதிவுகளை 2016இல் திரட்டிப் பார்த்தபோது, மாட்டிறைச்சி 34 வீதமானவற்றுக்கும், பால் 17 வீதமானவற்றுக்கும், கோழி 15 வீதமானவற்றுக்கும், கோதுமை 13 வீதமானவற்றுக்கும் ஒவ்வாதவையாக இருந்தன. மீனும் அரிசியும் ஏறத்தாழ 2 வீதத்தோடு பட்டியலின் அடியில் இருந்தன. ஆகவே, கையில் காசு குறைந்தவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது சோற்றை அன்று.

மான் இறைச்சி ஒவ்வாமைக்கு மருந்து என்பதும் தவறான விளக்கம். அந்த நாடுகளில் நாய்கள் அதை முன்பு உண்டதில்லை; அதனால் அங்கே அது பயன்படுகிறது. உடல் முன்பு சந்தித்திராத புரதத்துக்கு எதிராக ஒவ்வாமை உருவாகியிருக்க வாய்ப்புக் குறைவு என்பதே அதன் அடிப்படை. நம் ஊரில் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அந்தப் பேச்சே வேண்டாம். ஒவ்வொரு நாயும் இதுவரை எதை உண்டது, எதை உண்ணவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அதை அறிய ஒரு பழைய கொப்பியும் பேனாவும் போதும்.

இனி ரீச்சருக்கு. உணவைத் தொடுவதற்கு முன் தெள்ளையும் உண்ணியையும் ஒழித்தாக வேண்டும். ஈரமான வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் நாயை நிறுத்தி, வாலடியிலிருந்து பல்லு நெருங்கிய சீப்பால் வாருங்கள். விழும் கரும்பொடி தாளில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். அதில் கலந்திருப்பது உங்கள் நாயின் இரத்தம். தெள்ளால் வரும் அரிப்பு பெரும்பாலும் வாலடியிலும் பின்தொடையிலும் இருக்கும். உணவால் வருவது காது, பாதம், முகம், வயிறு, மலவாயைச் சுற்றிய இடம் ஆகியவற்றில் ஆண்டின் எல்லா மாதங்களிலும் இருக்கும். இரண்டும் ஒரே நாயில் சேர்ந்திருக்கவும் கூடும். அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் தோலைச் சுரண்டிப் பார்த்து, சொறிச் சிற்றுண்ணி இல்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள். காதிலும் விரலிடுக்கிலும் பூஞ்சணம் வளர்ந்திருந்தால் அதற்குத் தனியாக மருந்து வேண்டும். உணவை மாற்றினால் மட்டும் அது போகாது. ஊசியைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். கீழே சொல்லும் உணவுச் சோதனையின் கடைசி வாரங்களில் அது உடலில் இருந்தால், சுகம் ஊசியால் வந்ததா உணவால் வந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

அதன் பிறகு நீக்கல் உணவுச் சோதனை. அதாவது பழைய உணவையெல்லாம் நீக்கிவிட்டு, ஒரே ஒரு புரதம், ஒரே ஒரு மாச்சத்து, எட்டு வாரங்கள். உணவு ஒவ்வாமையுள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அந்தக் காலத்துக்குள் குணம் காட்டுகின்றன. மூன்றாம் வாரத்திலேயே முடிவு கட்டிவிடுபவர்கள் ஏமாறுகிறார்கள். இரத்தத்தையோ எச்சிலையோ மயிரையோ அனுப்பிச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனைகள் உணவு விடயத்தில் நம்பத்தக்கவை அல்ல. அதற்குச் செலவிடும் பணத்துக்கு இரண்டு மாத மீன் வாங்கலாம்.

கிண்ணியா ஆட்டுப்பட்டி

ஐயா சொன்னதற்கு என் பட்டியின் காவல் நாயே சாட்சி. எங்கள் பக்கம் மாட்டிறைச்சி மலிவாகக் கிடைப்பதால், குட்டியிலிருந்து மாட்டுக் குடலும் நுரையீரலும் போட்டே வளர்த்தோம். மூன்றாம் வயதில் காது வீங்கிச் சீழ் வடிந்தது. தினமும் மாடு தின்ற நாய்க்கு மாடுதான் ஒவ்வாததாகப் போயிற்று. கீரிமீனும் சோறும் கொடுத்து ஏழாம் வாரத்தில் காது காய்ந்தது.

ரீச்சரின் கறுப்பி மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் தின்றதில்லை என்று விளங்குகிறது. உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்காது என்பதை அறிவேன். அதைச் சொல்ல வரவில்லை. ஆட்டு நுரையீரலும் குடலும் தனி இறைச்சியைவிடப் பலமடங்கு மலிவு. ஆடறுக்கும் நாட்களில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சுத்தம் செய்து தருவார்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உவர்மலை ரீச்சர்

ஐயாவுக்கும் கிண்ணியா சகோதரருக்கும் மிக்க நன்றி. வெள்ளைத் தாளில் செம்பழுப்பு விழுந்தது. கழுத்தில் உண்ணிகளும் இருந்தன. வைத்தியரிடம் போய்த் தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சிற்றுண்ணி இல்லை. தெள்ளுக்குத் தோலில் விடும் மருந்தும் காதுக்குத் துளி மருந்தும் தந்தார்; படுக்கைச் சாக்கை வெந்நீரில் அவித்துக் காயவைத்தேன். மூன்று கிழமைகளில் வாலடி அரிப்பு நின்றுவிட்டது. பாதம் நக்குவது மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே சோதனையைத் தொடங்க எண்ணுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆட்டு உறுப்புகளைச் சமைக்க அம்மா சம்மதிக்கமாட்டார். அவர் மனத்தை நோகடிக்க எனக்கும் விருப்பமில்லை. மீனைக் கொண்டு தொடங்கலாமா? ஆனால் அவள் சூடைத் தலை தின்றே வளர்ந்தவள். வேறு மீனுக்கு மாறினால் அது புதிய புரதமாகுமா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

மீனின் இனத்தை மாற்றுவதால் பயன் குறைவு. மீன் ஒவ்வாமைக்குக் காரணமாகும் முக்கியப் புரதம் பல மீன்களில் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கிறது. சூடைக்கு ஒவ்வாத உடல் பாரைக்கும் ஒவ்வாமல் போகலாம். எனவே கறுப்பிக்கு மீன் புதிய புரதம் அன்று என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குவோம். ஆயினும் மீன் குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் கைக்கு எட்டுவதும் அதுதான். வீட்டில் மனத்தாங்கலும் இல்லை. எட்டு வாரத்தில் சற்றும் குணம் தெரியாவிட்டால், உணவு காரணமில்லை என்று முடிவு கட்டாமல், அவள் அறியாத வேறொரு புரதத்தோடு இன்னொரு முறை முயல வேண்டியிருக்கும். இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொண்டால் பிறகு சோர்வு வராது.

அளவைச் சொல்கிறேன். 15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கிலோகலோரி வேண்டும். அவித்த சோறு 400 கிராம் (அரிசியாக ஏறத்தாழ 145 கிராம்), தலையும் குடலும் நீக்கிய சூடை 200 கிராம், பூசணிக்காய் ஒரு கைப்பிடி, சூரியகாந்தி எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இது அந்தக் கணக்குக்கு நெருங்கி வரும். ஒரே இன அரிசியாக இருந்தால் போதும், குறுணலே போதுமானது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடை பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிந்தால் சோற்றைக் கூட்டுங்கள், கைக்கு அகப்படாமல் போனால் குறையுங்கள்.

சூடையை அழுத்த அடுப்பில் (பிரஷர் குக்கரில்) சிறிது நீரோடு முக்கால் மணி நேரம் வையுங்கள். முள் விரலுக்கிடையில் மாவாக நசியும். அந்த முள்ளோடு கொடுத்தால் கல்சியத்தின் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும். நசியாத முள் ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுங்கள். உப்பு, மிளகாய், தேங்காய்ப்பால் எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. மீன் குழம்பை அலம்பிவிட்டுக் கொடுத்தாலும் அவற்றின் சாறு மீனில் ஊறியிருக்கும். மீனைப் பச்சையாகவும் கொடுக்காதீர்கள்; சூடை, நெத்தலி போன்றவற்றில் தயமின் என்ற உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் இருக்கக்கூடும், அவித்தால் அது செயலிழந்துவிடும்.

இந்த எட்டு வாரமும் பிஸ்கட் இல்லை, பாண் இல்லை, தேநீர் இல்லை, கருவாட்டுத் துண்டு இல்லை. இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரையும் இல்லை. வைத்தியரிடம் சுவையில்லாததைக் கேளுங்கள். மாத்திரை விழுங்கவைக்க வேண்டுமானால் சோற்று உருண்டைக்குள் வையுங்கள்.

திருக்கடலூர்க் கரைவலை

ரீச்சர், மீன் வாங்கும் விடயத்தில் கடலில் நிற்பவன் ஒரு வார்த்தை சொல்லலாமா? கரைவலை இழுக்கும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன் கரைக்கு வந்தால் சூடையும் சாளையும் சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். மீன் குறையும், விலை ஏறும். சோதனை நடுவில் மீன் இல்லையென்று முறியாமலிருக்க, மீன் மலியும் நாளில் பத்து நாளுக்கு வேண்டியதை வாங்கித் துப்புரவாக்கி, நாளொன்றுக்கு ஒரு பொட்டலமாக உறையவையுங்கள்.

நாய்க்குத்தானே என்று மாலையில் மிஞ்சும் மீனை அள்ளிக்கொண்டு போகிறவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். வெயிலில் கிடந்த சூரையிலும் கும்பளாவிலும் சூடையிலும் ஒரு நச்சு உண்டாகிறது. அதைத் தின்றால் மனிதருக்கே உடம்பு சிவந்து தடிக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அது போவதில்லை. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, வயிறு வெடிக்காமல் இருக்கும் மீனையே எடுங்கள். சூடைக்கு வயிறுதான் முதலில் வெடிக்கும். அதைப் பார்த்தாலே போதும்.

இன்னொன்று. கரையில் வீசப்பட்ட பேத்தை மீனை நாய் தின்ன விடாதீர்கள். அதன் நஞ்சும் சமைத்தால் போகாதது. எங்கள் கரையில் வளர்ந்த ஒரு நல்ல நாயை அப்படித்தான் இழந்தோம். இன்றும் வலையிலிருந்து பேத்தை விழுந்தால் மண்ணில் ஆழப் புதைத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பேன்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

அண்ணன் சொல்லும் நச்சின் பெயர் ஹிஸ்டமின். ஒவ்வாமையின்போது உடல் தானே சுரப்பதும் அதையே. அழுகத் தொடங்கிய மீனைக் கொண்டு ஒவ்வாமைச் சோதனை நடத்தினால் எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

நிலாவெளி

என் நாய்க்கு அரிப்பு எதுவும் இல்லை. பால் கொடுத்தால் மட்டும் கழிச்சல் போகிறது. அதற்கும் எட்டு வாரம் வேண்டுமா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

வேண்டாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சீனியைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. அது ஒவ்வாமை அன்று. பாலை நிறுத்துங்கள். கழிச்சல் அப்படியும் தொடர்ந்தால், அல்லது இரத்தம் கலந்தால், அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

உவர்மலை ரீச்சர்

நான்காம் வாரத்தின் முடிவில் எழுதுகிறேன். மனம் மிகவும் வருந்துகிறது. மூன்றாம் வாரத்தில் விரலிடுக்கின் சிவப்பு குறைந்து, இரவில் நக்கும் சத்தம் கேட்காமல் நான் உறங்கினேன். நேற்று முன்தினம் மறுபடியும் நக்கத் தொடங்கினாள். நேற்றுக் காதும் சிவந்தது. கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். நான் கொடுத்தவற்றில் பிழையில்லை. பிறகுதான் தெரியவந்தது, பக்கத்து வீட்டுச் சிறுமி மதிலின் ஓட்டை வழியாக நான்கு நாட்களாகத் தன் காலை உணவில் பாதியைக் கறுப்பிக்குக் கொடுத்திருக்கிறாள். வெண்ணெய் பூசிய பாண். கறுப்பி மெலிந்துவிட்டாள், பசியோடு இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளை எண்ணியிருக்கிறது. என்னால் அவளைக் கடிந்துகொள்ள முடியவில்லை. எல்லாம் வீணாகிவிட்டதா?

கிண்ணியா ஆட்டுப்பட்டி

வீணாகவில்லை ரீச்சர். எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது. தொழுகைக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர் இரக்கப்பட்டு எலும்பு போட்டுக்கொண்டிருந்தார். "வைத்தியத்தில் இருக்கிறது, உணவு கொடுக்க வேண்டாம்" என்று தகட்டில் எழுதி நாயின் கழுத்தில் கட்டினோம். ஊரே கட்டுப்பட்டது. இரக்கமுள்ளவர்களுக்குக் காரணத்தைச் சொன்னால் அவர்களே காவலும் இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

எட்டு வாரக் கணக்கை இன்றிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். அந்தப் பிள்ளையையே துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் கறுப்பி எத்தனை தடவை பாதத்தை நக்கினாள் என்று எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுக்கலாம். நடந்ததையும் கொப்பியில் குறித்து வையுங்கள். பாணும் வெண்ணெயும் உள்ளே போன நான்கு நாட்களுக்குள் அரிப்புத் திரும்பியது என்பது வலுவான குறிப்பு. எனினும் அதை இன்னும் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். அந்த வாரத்தில் தெள்ளு ஏறியிருக்கவும் கூடும்.

உவர்மலை ரீச்சர்

ஒன்பது வாரங்களின் பின் வருகிறேன். கறுப்பியின் பாதங்களில் புதிய கருமயிர் முளைத்திருக்கிறது. காதில் வாடையில்லை. எடை 14.6 கிலோ. ஊசி போட்டு நான்கு மாதங்களாகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கொப்பியில் முதல் வாரம் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கோடுகள் இருந்தன. இப்போது இரண்டு, மூன்று. செலவு பெரும்பாலான நாட்களில் 200 ரூபாய்க்குள் அடங்கியது. காற்று மாறிய பத்து நாட்களில் மட்டும் உறையவைத்த மீன் கைகொடுத்தது. திருக்கடலூர் அண்ணாவுக்கு நன்றி.

இனி இப்படியே தொடர்ந்துவிடலாமா? எதையும் மாற்ற எனக்குப் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

மிக்க மகிழ்ச்சி. ஆனால் இப்படியே தொடர வேண்டாம். காரணங்கள் இரண்டு.

அவளுக்கு ஒவ்வாதது எது என்பது இன்னும் தெரியவில்லை என்பது முதற்காரணம். கோழி குற்றமற்றதாக இருந்தால், மீன் விலையேறும் மாதங்களில் உங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள, பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு வாரம். பெரும்பாலான நாய்களில் அதற்குள் அரிப்புத் திரும்பிவிடும். திரும்பினால் உடனே நிறுத்தி, பழையபடி அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இந்த உணவின் குறை. சோறும் மீனும் எட்டு வாரச் சோதனைக்கு வளர்ந்த நாய்க்குப் போதும், ஆண்டுக்கணக்கில் போதாது. வளரும் குட்டிக்கு எட்டு வாரமும் போதாது. குட்டி வைத்திருப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இந்த முறையைத் தொடங்கக்கூடாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், வீட்டில் சமைக்கும் நாய் உணவுக் குறிப்புகள் 200ஐச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். 95 வீதமானவற்றில் இன்றியமையாத ஊட்டம் ஒன்றாவது குறைந்திருந்தது. அவற்றுள் வைத்தியர்கள் எழுதிய குறிப்புகளும் அடக்கம். நான் எழுதிய அளவும் அந்தக் குறைக்கு விலக்கன்று. துத்தநாகம், செம்பு, உயிர்ச்சத்து ஈ போன்றவை அதில் போதா. நாய்களுக்கான கனிமப்பொடியில் சுவை சேர்க்காத ஒன்றை வைத்தியர் காட்டினால் அதுவே மலிவான வழி. பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குப் போகும் வாய்ப்பு எப்போதாவது கிடைத்தால், இந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

உவர்மலை ரீச்சர்

கோழிக்கழுத்தை அழுத்த அடுப்பில் மாவாக நசியும்வரை அவித்து, மீனுக்குப் பதிலாக இரண்டு வாரம் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. நான் மனத்துக்குள் குற்றவாளியாக்கி வைத்திருந்ததே கோழியைத்தான்.

அடுத்ததாகப் பாணைக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் பேக்கரிப் பாணில் வேறு என்னென்ன சேர்கின்றன என்று எனக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

சரியாகக் கேட்டீர்கள். பாணில் கோதுமை மாவோடு ஈஸ்ட், மாஜரின், சில இடங்களில் பால்மா, சோயா மா எல்லாம் இருக்கலாம். கோதுமை மாவையும் நீரையும் மட்டும் குழைத்து, எண்ணெய் தடவாத தட்டில் ரொட்டியாகச் சுட்டு, நாளுக்குப் பாதி ரொட்டி சோற்றோடு பிய்த்துப் போடுங்கள்.

உவர்மலை ரீச்சர்

ஐந்தாம் நாள் காலை பாதம் சிவந்தது. ஆறாம் நாள் காதைச் சொறிந்தாள். ரொட்டியை நிறுத்திவிட்டேன். தெள்ளுக்காகத் தாளை விரித்தும் பார்த்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. பதினோராம் நாள் பாதம் பழைய நிறத்துக்கு வந்தது. நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு காலையும் அன்போடு பிய்த்துப் போட்ட பாண்தான் அவளை வருத்தியிருக்கிறது என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பாலையூற்று

ரீச்சர், வருந்தாதீர்கள். நீங்கள் அறியாமல் செய்தது அது. எஞ்சின் எண்ணெய் பற்றி ஐயா எழுதியதை வாசித்த அன்றே என் வீட்டிலிருந்த போத்தலை அப்புறப்படுத்திவிட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: கோதுமையும் தானியந்தானே? அப்படியானால் தானியத்தை நிறுத்தச் சொன்னது ஒருவகையில் சரிதானா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

போத்தலை அப்புறப்படுத்தியதற்கு நன்றி தம்பி. கறுப்பிக்குக் கோதுமை ஆகாது. அரிசி ஆகும் என்பதை ஒன்பது வாரங்கள் காட்டிவிட்டன. தானியம் என்று ஒரே பெயரிட்டு எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தால், அவள் வயிற்றை நிரப்பும் மலிவான உணவையும் இழந்திருப்பாள்; அந்த இடத்தை நிரப்ப ரீச்சர் எவ்வளவு மீன் வாங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். தானியமில்லாத உணவு தன்னளவில் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது. பயறு, பட்டாணி போன்றவற்றை மிகுதியாகச் சேர்த்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடுமா என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2018 ஜூலையில் விசாரணை தொடங்கியதாக அறிவித்தது.

கிலோக் கணக்கில் பிரித்து விற்கப்படும் நாய் உணவைக் கறுப்பிக்கு வாங்கவேண்டாம் ரீச்சர். பொதியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் அதில் கோதுமை இருக்கிறதா என்று அறிய வழியில்லை. சோயா மீற் வாங்கினாலும் பொதியை வாசியுங்கள். சிலவற்றில் கோதுமை மாவும் சுவையூட்டிகளும் சேர்ந்திருக்கும். மாரி பிஸ்கட்டின் முதற்பொருளே கோதுமை மா. அதை அவளுடைய வாழ்நாள் முழுவதும் மறந்துவிடுங்கள்.

உவர்மலை ரீச்சர்

கொப்பியில் இனி மிஞ்சியிருப்பது பால் மட்டுமே. வரும் திங்கட்கிழமை தொடங்கலாம் என்று இருக்கிறேன். பால்மாவை எவ்வளவு கரைத்துக் கொடுக்க வேண்டும்? நிலாவெளிக்காரரின் நாயைப் போலக் கழிச்சல் வந்தால் அதை ஒவ்வாமை என்று எடுப்பதா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்

ஒரு தேக்கரண்டி பால்மாவைச் சோற்றில் கலந்து கொடுங்கள்; சீனியும் தேயிலையும் வேண்டாம். கழிச்சல் மட்டும் வந்தால் பால்சீனி செரிக்கவில்லை என்று எழுதுங்கள். பாதமோ காதோ சிவந்தால் ஒவ்வாமை என்று எழுதுங்கள். எது வந்தாலும் அன்றே நிறுத்துங்கள். இரண்டு வாரம் எதுவும் வராவிட்டாலும் பால் அவளுக்கு அவசியமானதன்று. அந்தப் பணத்துக்குச் சூடை வாங்கலாம்.

திருக்கடலூர்க் கரைவலை

இந்தக் கிழமை சாளை நன்றாகப் படுகிறது ரீச்சர். விடியற்காலையில் பையோடு வாருங்கள்.